ஆட்குறைப்புக்கு நடுவே வரும் ஆஃபர்

ஒரு பெருநிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பப்போவதாகச் செய்தி வருகிறது. அதே மாதத்தில் அந்த நிறுவனத்திலிருந்தே ஒருவருக்கு ஆஃபர் லெட்டரும் வருகிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கணிசமாகக் கூடுதல், பதவியும் ஒரு படி மேல். சேர்வதா, வேண்டாமா? ஐடி, வாகனம், தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து ஆகிய துறைகளில் வேலை பார்க்கும் பலர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். இனியும் பலர் சந்திப்பார்கள்.

வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "அவ்வளவு பெரிய கம்பெனி, அதுக்கு என்ன ஆகப்போகுது, தைரியமா சேரு" என்பது ஒன்று. "இருக்கிறவங்களையே அனுப்புறாங்க, அங்கே போய் யாராவது சேருவாங்களா?" என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் இரண்டும் நிறுவனத்தை ஒரே உடலாகப் பார்க்கின்றன, அது பிழைத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், சாய்ந்தால் எல்லோரும் சாய்வார்கள் என்பதுபோல. கடந்த முப்பது ஆண்டுகளின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. சாய்ந்துகொண்டிருந்த நிறுவனங்களுக்குள் செழித்த பிரிவுகள் உண்டு. நன்றாக நடந்த நிறுவனங்களுக்குள் ஒரே நாளில் மறைந்துபோன பிரிவுகளும் உண்டு.

மறுசீரமைப்பு நடக்கும்போது ஒரு நிறுவனத்துக்குள் பணம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. வேலைக்குச் சேருபவர் அந்த நிறுவனத்துக்குள் குறிப்பிட்ட ஓர் இருக்கையில்தான் அமர்கிறார். எனவே அவர் விசாரிக்க வேண்டியவை மூன்று. அந்த இருக்கை பணம் வந்து சேரும் பக்கத்தில் இருக்கிறதா? அது யாருடைய திட்டத்தால் உருவானது, அந்தத் திட்டம் எவ்வளவு காலம் நிற்கும்? அந்த இருக்கை நாளை இல்லாமல் போனால் அவர் கையில் என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஐந்து வகை நோய்கள்

மறுசீரமைப்பு என்ற ஒரே பெயரில் நிறுவனங்கள் அறிவிப்பவை குறைந்தது ஐந்து வகைப்படும். முதல் வகை செலவுக் குறைப்பு. வியாபாரம் நடக்கிறது, லாபமும் வருகிறது, ஆனால் லாப விகிதம் தேய்கிறது. 2023 மே மாதத்தில் காக்னிசன்ட் அறிவித்த திட்டம் இந்த வகை: சுமார் 3,500 பேரைக் குறைப்பது, 1.1 கோடி சதுர அடி அலுவலக இடத்தைக் கைவிடுவது. 2025 ஜூலையில் டிசிஎஸ், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்களை, அனுப்பப்போவதாகச் சொன்னதும் இதில் சேரும். இங்கே நிறுவனத்தின் உயிருக்கு ஆபத்து இல்லை. வாடிக்கையாளரிடம் பில் போட முடியாத பதவிகளுக்குத்தான் ஆபத்து. புராஜெக்ட் உறுதியாகாமல் பெஞ்சில் போய் உட்காரும் புதியவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

இரண்டாவது வகை, ஒரு தொழிலையே விட்டு விலகுவது. மூன்றாவது, ஒரு நிறுவனம் பல நிறுவனங்களாகப் பிரிவது. ஜெனரல் எலக்ட்ரிக் 2021 நவம்பரில் மூன்றாகப் பிரியும் முடிவை அறிவித்தது. 2023 ஜனவரியில் மருத்துவக் கருவிப் பிரிவும், 2024 ஏப்ரலில் மின் உற்பத்திப் பிரிவும் தனி நிறுவனங்களாயின, விமான எஞ்சின் பிரிவு மிஞ்சியது. இப்படிப்பட்ட இடத்தில் சேருபவர் தான் எந்தப் பாகத்துக்குப் போவார், பொதுவாக இருந்த கடனில் எவ்வளவு அந்தப் பாகத்தின் தலையில் ஏறும் என்று பார்க்க வேண்டும்.

நான்காவது வகை கைமாறுதலும் இணைப்பும். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குத் திரும்பியது. பழைய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) கொடுத்துக்கொண்டே, 2023-ல் ஆயிரக்கணக்கான விமானப் பணியாளர்களையும் நூற்றுக்கணக்கான விமானிகளையும் எடுக்கும் திட்டத்தை அது வெளியிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்ததால் ஆள் தேவை உண்மையாகவே இருந்தது. ஆனால் இணைப்பில் வேறொரு சிக்கல் உண்டு: வேலை நிலைக்கும், நிபந்தனைகள் மாறும். விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த நிலையில், 2024 ஏப்ரலில் புதிய சம்பள ஒப்பந்தம் விஸ்தாரா விமானிகளிடையே அதிருப்தியைக் கிளப்பியது. பல விமானங்கள் ரத்தாயின. இணையும் நிறுவனத்தில் சேருபவர், இணைப்புக்குப் பிறகு எந்தத் தரப்பின் சம்பள முறை தனக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

ஐந்தாவது வகை கடன் நெருக்கடி. மற்ற நான்கோடு இதைச் சேர்த்துப் பேசவே கூடாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது. திவால் நடைமுறை ஐந்தாண்டுகளுக்கு மேல் நீண்டு, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டதில் முடிந்தது. மற்ற வகைகளில் வேலை போகலாம். இந்த வகையில் செய்த வேலைக்கான கூலியே போகும். சம்பளம் தாமதமாகும் நிறுவனத்தில் எவ்வளவு பெரிய பதவி கொடுத்தாலும் சேரக் கூடாது. இதில் ஆராய வேறொன்றும் இல்லை.

ஒரே பெயர், இரண்டு விதி

இருக்கையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நோக்கியாவைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2011-ல் அந்தப் பெயரின் கீழ் இரண்டு பெரிய தொழில்கள் நடந்தன, இரண்டும் தடுமாறிக்கொண்டிருந்தன. ஒன்று கைபேசி. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு அதன் சந்தை கரைந்தது. மற்றொன்று, சீமென்ஸுடன் சேர்ந்து நடத்திய நெட்வொர்க் கருவித் தொழில். 2011 நவம்பரில் அந்தக் கூட்டு நிறுவனம் தன் 74,000 ஊழியர்களில் 17,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அன்று வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் நெட்வொர்க் பிரிவுதான் ஆபத்தானதாகத் தோன்றியிருக்கும். கைபேசிப் பிரிவுக்கோ மைக்ரோசாஃப்டின் துணை கிடைத்திருந்தது.

நடந்தது நேர்மாறு. கைபேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்கும் ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்ட் 2013 செப்டம்பரில் அறிவித்து, 2014 ஏப்ரலில் முடித்தது. மூன்றே மாதத்தில் 18,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அதில் சுமார் 12,500 இடங்கள் நோக்கியாவிலிருந்து வந்த கைபேசித் தொழிலைச் சேர்ந்தவை. மறு ஆண்டு இன்னும் 7,800 பேர் வரை குறைப்பு, கூடவே 760 கோடி டாலர் மதிப்பிழப்பு. நெட்வொர்க் பிரிவு என்ன ஆனது? மற்ற வேலைகளை விட்டுவிட்டு, கைபேசி அலைவரிசை நெட்வொர்க்கில் மட்டும் ஊன்றி நிற்பது என்ற திட்டத்தை அது பிடிவாதமாக நிறைவேற்றியது. 2013-ல் சீமென்ஸின் பங்கை நோக்கியா வாங்கிக்கொண்டது. அந்தப் பிரிவை நடத்திய ராஜீவ் சூரி 2014 மே மாதத்தில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரியானார். இன்றைய நோக்கியா அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே.

இந்தக் கதையின் ஒரு பக்கம் தமிழ்நாட்டில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். வரி வழக்கில் சொத்து சிக்கியதால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய பட்டியலில் அந்த ஆலை இடம்பெறவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே நோக்கியா சென்னைக்கு அருகிலேயே நடத்திவந்த நெட்வொர்க் கருவி ஆலை தொடர்ந்து இயங்கி, 2018-ல் 5ஜி கருவிகளைச் செய்யத் தொடங்கியது. ஒரே பெயர்ப்பலகை, ஒரே வட்டாரம், இரண்டு வேறு விதிகள்.

ஃபோர்டு இன்னொரு சான்று. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழந்துவிட்டதாகச் சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அது 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறைமலை நகரிலும் குஜராத்தின் சனந்திலும் சுமார் 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சென்னையை மையமாகக் கொண்ட அதன் உலகளாவிய சேவைப் பிரிவில் அப்போது 11,000 பேர் இருந்தனர். அந்தப் பிரிவை விரிவாக்கப்போவதாக அதே அறிவிப்பில் நிறுவனம் சொன்னது, அப்படியே செய்தது. 2024-ல் ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையைத் திரும்பப் பயன்படுத்த விரும்புவதாக அறிவித்தபோது தமிழ்நாட்டில் அந்தச் சேவைப் பிரிவினரின் எண்ணிக்கை 12,000. "ஃபோர்டில் சேரலாமா?" என்று 2021-ல் ஒருவர் கேட்டிருந்தால், "ஆலையிலா, சோழிங்கநல்லூர் சேவை மையத்திலா?" என்று திருப்பிக் கேட்பதே சரியான பதிலாக இருந்திருக்கும்.

ஆட்குறைப்பின்போதே ஆள் எடுப்பது ஏன் என்பதற்கான விடையும் இங்கே இருக்கிறது. டெட்ராய்டிலோ லண்டனிலோ ஒரு நிதிக் கணக்கு அணி கலைக்கப்படும், அந்த வேலை சென்னையில் முளைக்கும். இந்தியாவில் இத்தகைய உலகளாவிய திறன் மையங்கள் 1,700-க்கு மேல் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாகவும் 2024-ல் நாஸ்காம் அறிக்கை கணக்கிட்டது. பலருக்கு வாழ்வு தந்த ஏற்பாடு இது. ஆனால் செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்த இருக்கை, அதே காரணத்துக்காக வேறிடம் போகவும் கூடும். வெறும் படிவ வேலையாக வருகிறதா, முடிவெடுக்கும் பொறுப்போடு வருகிறதா என்பதைப் பொறுத்தே அது நிலைக்கும்.

திட்டத்தின் ஆயுள்

பணம் வரும் பக்கத்தில் இருக்கை இருந்தால் மட்டும் போதாது. பணத்தை அங்கே அனுப்பும் திட்டம் நீடிக்க வேண்டும். ஐபிஎம் 1993-ல் 810 கோடி டாலர் நஷ்டம் கண்டது, அன்றைய அமெரிக்க நிறுவன வரலாற்றில் மிகப் பெரிய நஷ்டங்களில் ஒன்று அது. நிறுவனத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அந்த ஏப்ரலில் வெளியாளாக வந்து தலைமை ஏற்ற லூயிஸ் கெர்ஸ்ட்னர் பிரிக்கும் திட்டத்தைக் கைவிட்டார், அதே ஆண்டு ஜூலையில் மேலும் 35,000 பேரைக் குறைப்பதாகவும் அறிவித்தார். ஆனால் கணினிச் சேவைத் தொழிலில் பணத்தைக் கொட்டினார். 1992-ல் 740 கோடி டாலராக இருந்த சேவை வருவாய் 2001-ல் சுமார் 3,000 கோடியாக உயர்ந்தது. அவர் 2002 வரை பதவியில் இருந்தார் என்பதே இதில் முக்கியம். 1993-ல் சேவைப் பிரிவில் சேர்ந்தவரின் இருக்கைக்குப் பின்னால் ஒரே திட்டம் ஒன்பது ஆண்டு நின்றது.

இன்டெல் இதற்கு எதிர்ப்பக்கம். பிறருக்காகவும் சிப் தயாரித்துக் கொடுக்கும் பெரும் திட்டத்தை அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பாட் கெல்சிங்கர் முன்னெடுத்தார். ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் அமையவிருந்த பிரம்மாண்ட ஆலை அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. 2024 ஆகஸ்டில் 15,000 பேர் குறைப்பு அறிவிக்கப்பட்டு, லாப ஈவுத் தொகையும் நிறுத்தப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் கெல்சிங்கர் விலகினார். அந்த ஆண்டு நஷ்டம் 1,880 கோடி டாலர். 2025 மார்ச்சில் லிப்-பு டான் பொறுப்பேற்றார், ஜூலையில் ஜெர்மனி, போலந்து ஆலைத் திட்டங்கள் கைவிடப்பட்டன. அந்த ஆலைகளை நம்பி வேலை மாறியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவருடைய இருக்கை ஒரு தலைவரின் பதவிக்காலத்தோடு கட்டப்பட்டிருந்தது.

தலைவர் மாறினால் எல்லாம் முடிந்தது என்றும் கொள்ள முடியாது, துறைக்குத் தேவை இருந்தால் பிரிவு மீளக்கூடும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் மின் உற்பத்திப் பிரிவு 2017 டிசம்பரில் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, எரிவாயு டர்பைன்களுக்கு எதிர்காலமே இல்லை என்று பலர் நினைத்தார்கள். தரவு மையங்களின் மின் பசி வந்ததும், அதே பிரிவு ஜிஇ வெர்னோவா என்ற பெயரில் ஆர்டர் குவியும் நிறுவனமாக நிற்கிறது. ஒரு துறையின் தேவை அடியோடு போய்விட்டதா, தற்காலிகமாகத் தாழ்ந்திருக்கிறதா என்பவை வேறு வேறு கேள்விகள். சேருபவர் தன் துறையை அறிந்தவர் என்பதால், பத்திரிகைச் செய்தியைவிட அவரே இதைச் சரியாகக் கணிக்க முடியும்.

முதல் அலையா, இரண்டாம் அலையா

எப்போது சேர்கிறோம் என்பதும் எங்கே சேர்கிறோம் என்பதற்கு நிகரானது. அறிவிப்பு வந்து, குறைப்பு இன்னும் நடக்காத காலமே எல்லாவற்றிலும் கடினமானது. உள்ளே இருப்பவர்களுக்கே தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியாது. புதியவரைக் கவனிக்கவோ பழக்கவோ யாருக்கும் மனம் இருக்காது. குறைப்பு முடிந்து, புதிய அமைப்பு அறிவிக்கப்பட்டு, ஒரு காலாண்டாவது கடந்த பிறகு சேருவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

ஆனால் முதல் குறைப்போடு எல்லாம் நிற்பது அரிது. நிறுவனங்கள் ஆட்குறைப்புக்குப் பின் எப்படி நடந்தன என்று நீண்டகாலம் ஆராய்ந்த வேய்ன் கேஸியோ, ஆட்களைக் குறைப்பதால் மட்டும் லாபம் நிலையாக உயர்வதில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். உயராதபோது அடுத்த சுற்று வருகிறது. சார்லி டிரெவரும் ஆண்டனி நைபெர்க்கும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 1 சதவீத ஆட்குறைப்புகூட அதன்பின் தாமாக விலகுவோரின் விகிதத்தைச் சுமார் 31 சதவீதம் உயர்த்தக்கூடும் என்று கண்டார்கள். வேறிடம் கிடைக்கக்கூடியவர்கள் முதலில் போய்விடுவார்கள். புதியவருக்கு வரும் ஆஃபர் பல நேரங்களில் அப்படிப் போனவர் விட்டுச்சென்ற நாற்காலிக்கானது. போனவர் ஏன் போனார் என்பதை அறியாமல் அதில் அமரக் கூடாது.

தங்கியவர்களின் மனநிலையும் பொருட்படுத்த வேண்டியது. சக ஊழியர்கள் அனுப்பப்பட்ட முறை நியாயமானது என்று தங்கியவர்கள் நம்பினால்தான் அவர்களின் ஈடுபாடு தாக்குப்பிடிக்கும் என்று ஜோயல் பிராக்னரின் ஆய்வுகள் சொல்கின்றன. எனவே நிறுவனம் தன் ஆட்களை எப்படி அனுப்பியது என்பதே சேர வருபவருக்குக் கிடைக்கும் நேர்மையான முன்னறிவிப்பு. 2011-ல் நோக்கியா தொடங்கிய பிரிட்ஜ் திட்டம், வெளியேறுபவர்களுக்கு வேறு வேலை தேடவும், சொந்தத் தொழில் தொடங்க முதல் பணம் பெறவும் உதவியது. சுமார் ஆயிரம் சிறு நிறுவனங்கள் அதிலிருந்து பிறந்தன. 2022 நவம்பரில் ட்விட்டரில் ஏறத்தாழ பாதிப் பேர் மின்னஞ்சல் வழியே வேலை போனதை அறிந்தார்கள். பலருக்கு அந்த அஞ்சல் வருவதற்கு முன்பே கணினிக் கணக்கு முடங்கியிருந்தது. போகிறவருக்குக் கிடைக்காத மரியாதை வருகிறவருக்கு நிலைக்காது.

புதியவருக்குச் சட்டம் தருவது

பெரும்பாலான நாடுகளில் வேலைப் பாதுகாப்புச் சட்டம் சேவைக்காலத்தை அளவுகோலாகக் கொண்டது. அதனால் புதிதாகச் சேர்ந்தவரே எங்கும் மெலிந்த பாதுகாப்போடு நிற்கிறார். இந்தியாவில் 1947-ன் தொழிற்தகராறுகள் சட்டம், ஒரு பிரிவில் ஆட்குறைப்பு செய்தால் கடைசியாக வந்தவரை முதலில் அனுப்புவதைப் பொது விதியாக வைத்தது. ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்திருந்தால்தான் ஒரு மாத நோட்டீசும், ஆண்டுக்கு 15 நாள் ஊதிய இழப்பீடும் உரிமையாகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இந்த அடிப்படையைத் தக்கவைத்திருக்கிறது. இவை சட்டம் சொல்லும் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே. மேலாளர் பதவியில் சேருபவருக்கு ஆஃபர் லெட்டரில் எழுதியிருப்பதுதான் பாதுகாப்பு. ஐடி நிறுவனங்களுக்குத் தொழிற்தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, அவற்றின் ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. அதை அறிந்திருப்பது நல்லது, அதை மட்டும் நம்பி வேலை மாறுவது சரியல்ல.

பிரிட்டனில் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு பெற இரண்டு ஆண்டு சேவை வேண்டும். ஜெர்மனியில் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குப் பிறகே ஒருவரைக் காக்கிறது. அமெரிக்காவில் பெரிய அளவிலான ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போன பின் நாட்டில் தங்கக் கிடைக்கும் அவகாசமும் 60 நாள்தான். அமெரிக்காவில் குடும்பத்தோடு வாழும் தமிழர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்: வேலை, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரே முடிச்சில் தொங்குகின்றன. உள்ளூரில் ஒருவர் துணிந்து எடுக்கக்கூடிய முடிவு, விசாவில் இருப்பவருக்குத் தகாததாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கையும் காலாண்டு முடிவுகளும் இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். பிரிவு வாரியான வருவாய்: சேரப்போகும் பிரிவு வளர்கிறதா? தொழிலிலிருந்து கையில் வரும் ரொக்கம்: கணக்கில் லாபம் இருந்தும் ரொக்கம் இல்லையென்றால் கவனம் வேண்டும். கடன்: அடுத்த இரண்டு ஆண்டில் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு? மறுசீரமைப்புச் செலவு: ஒருமுறைச் செலவு என்று சொல்லி நான்கைந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் அது அந்த நிறுவனத்தின் பழக்கமாகிவிட்டது என்று பொருள். நிதித் தலைவரோ தணிக்கையாளரோ நடுவில் விலகியிருந்தால், அதை ஆட்குறைப்புச் செய்தியைவிடப் பெரிய எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

பட்டியலிடப்படாத நிறுவனமென்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், மாதாமாதம் பி.எஃப். கட்டப்பட்ட தேதியும், எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்பதும் தெரியும். தேதி தள்ளிப்போவதும், எண்ணிக்கை சரிவதும் நேர்காணலில் யாரும் சொல்லாத செய்திகள்.

நேர்காணலில், சேர்ந்தால் யாரிடம் வேலை செய்வோமோ அந்த மேனேஜரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை உண்டு. இது புதிய இடமா, ஒருவர் விலகிய இடமா? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? அறிவித்த ஆட்குறைப்பு இந்த அணியில் முடிந்துவிட்டதா? இந்த இடத்துக்கு எந்த ஆண்டின் பட்ஜெட்டில், எந்த மட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது? நீங்கள் இந்தப் பொறுப்புக்கு எப்போது வந்தீர்கள்? முதல் ஆறு மாதத்தில் நான் எதை முடித்தால் இந்த அணிக்குப் பயன்? சட்டத்துக்கும் ரகசியத்துக்கும் உட்பட்டு அவரால் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். ஆனால் "இதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்று தெளிவாகச் சொல்லும் மேலாளருக்கும், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பத்திரிகைக்காரங்க எழுதுறது" என்று தட்டிக்கழிப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு போதிய தகவல்.

யாருக்குப் பொருந்தும்

மேலே சொன்னவை நிறுவனத்தைப் பற்றியவை. தராசின் மறுதட்டில் இருப்பது சேருபவரின் வாழ்க்கை. பென்சில்வேனியாவில் ஒரே நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, நிறுவனம் நலிந்ததால் வேலை இழந்தவர்களை ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆகிய மூவர் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களின் வருமானம் முன்பு இருந்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும் அனுபவம் வெளியே விலைபோகாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த ஆய்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது.

ஒன்று: புதிய இடத்தில் கற்கப்போவது வெளியேயும் செல்லுபடியாக வேண்டும். அந்த நிறுவனத்தின் பழைய உள்மென்பொருளைக் கட்டிக்காக்கும் வேலையென்றால் கூடுதல் சம்பளமும் ஈடாகாது. இரண்டு நிறுவனங்களின் கணக்கு முறைகளை ஒன்றாக்குவது, ஒரு தயாரிப்பை நிறுத்தி வாடிக்கையாளர்களைப் புதியதற்கு மாற்றுவது, உருக்குலைந்த அணியைத் திரும்பக் கட்டுவது போன்றவை எந்த நிறுவனத்திலும் மதிக்கப்படும் அனுபவங்கள். நிலையான நிறுவனத்தில் பத்தாண்டில் கிடைக்கும் பொறுப்பு, மாற்றத்தின் நடுவில் இரண்டு ஆண்டில் கிடைப்பதுண்டு. மறுசீரமைப்பில் இருக்கும் நிறுவனம் தரக்கூடிய உண்மையான ஆதாயம் இதுதான்.

இரண்டு: இப்போதிருக்கும் வேலையும் ஆபத்தில்லாதது அல்ல. பத்தாண்டுகளாக ஒரே இடத்தில், ஒரே கருவியில் இருப்பவர் தன் இருக்கையையும் இதே மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும். புதிய வேலையின் ஆபத்தைப் பழைய வேலையின் ஆபத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஆபத்தே இல்லாத ஒரு கற்பனை வேலையோடு அல்ல.

ஆறு மாதக் குடும்பச் செலவு கையிருப்பில் இருப்பவர், வீட்டில் இன்னொருவரும் சம்பாதிப்பவர், தன் துறையில் தேவை உள்ளவர் இத்தகைய ஆஃபரைத் துணிந்து பரிசீலிக்கலாம். புதிதாக வீட்டுக் கடன் எடுத்தவர், ஒற்றை வருமானக் குடும்பம், மகப்பேறோ பெற்றோரின் சிகிச்சையோ நெருங்கும் குடும்பம் ஆகியோர் ஓராண்டு பொறுத்திருப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. நிறுவன மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர், வேலை போனால் அதுவும் போகும் என்பதை மறக்கக் கூடாது. தனியாக ஒரு காப்பீடு எடுத்துவிட்டு மாறுவது நல்லது.

எழுத்தில் வாங்க வேண்டியவை

சட்டம் புதியவரைத் தாங்காத இடத்தில் ஒப்பந்தம் தாங்க முடியும். ஆஃபரை ஏற்கும் முன்புதான் பேச வாய்ப்பு உண்டு, பிறகு கிடையாது. ஜாயினிங் போனஸை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது. நிறுவனமே அனுப்பினால் அது பொருந்தாது என்று எழுதி வாங்க வேண்டும். நோட்டீஸ் பீரியட் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஊழியர் விலக 90 நாள், நிறுவனம் அனுப்ப 30 நாள் என்ற ஒப்பந்தங்களைப் பேசி மாற்றலாம். ஆட்குறைப்பில் பதவி நீக்கப்பட்டால் குறைந்தது மூன்று மாதச் சம்பளம் என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மூத்த பதவிகளில் இது கேட்கக்கூடியதுதான், நிறுவனம் மறுத்தாலும் அந்த மறுப்பு ஒரு தகவல். பங்குகள் தருவதாகச் சொன்னால் நிறுவனம் பிரிந்தாலோ இணைந்தாலோ அவை என்னவாகும் என்று கேட்க வேண்டும்.

ஆஃபர் கையெழுத்தான பிறகும் ரத்தாகலாம். 2022 ஜூனில் அமெரிக்காவின் காயின்பேஸ், தேர்வானவர்கள் ஏற்றுக்கொண்ட ஆஃபர்களையே திரும்பப் பெற்றது. சிலர் அதற்குள் பழைய வேலையை விட்டிருந்தார்கள். எனவே பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, சேரும் தேதி எழுத்தில் உறுதியாகும் வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். பழைய நிறுவனத்தில் நல்ல பெயரோடு விலகுவதும் இதே காரணத்துக்காக முக்கியம்.

முடிவு

இதையெல்லாம் தொகுத்தால் ஒரு விதி கிடைக்கிறது. சம்பளம் தாமதமாகும் நிறுவனம், பி.எஃப். பாக்கி வைக்கும் நிறுவனம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மற்றவற்றில், பிரிவுக்குப் பணம் வருகிறது, திட்டத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆண்டாவது நிற்கக்கூடிய தலைமை இருக்கிறது, கற்கும் வேலை வெளியேயும் செல்லும் என்றால், ஆட்குறைப்புச் செய்தியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டில் ஒன்று ஆடினாலும் மூன்றாவது உறுதியாக இருந்தால், கையிருப்பு உள்ளவர் போகலாம். மூன்றாவது இல்லையென்றால் எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம், ஏனெனில் அந்த இருக்கை மறையும்போது அவரிடம் வேறெதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு நிறுவனமும் வேலைக்கு எடுப்பவரின் சான்றிதழ், முந்தைய சம்பளச் சீட்டு, வேலை செய்த காலம், சில இடங்களில் காவல்துறைப் பதிவு வரை சரிபார்க்கிறது. அதை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை. வேலைக்குச் செல்பவரும் அதே அளவு கண்டிப்போடு நிறுவனத்தைச் சரிபார்க்க உரிமை உள்ளவர். நம் பிள்ளைகளுக்கு நேர்காணலில் பதில் சொல்லப் பயிற்சி கொடுக்கும் கல்லூரிகள், நேர்காணலில் கேள்வி கேட்கவும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் வேலை இழந்தவர்களுக்கு முன்கூட்டிக் கேட்கும் வாய்ப்பை யாரும் தரவில்லை. இன்று ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. தயங்காமல் அவர் கேட்க வேண்டும், கிடைத்த விடையை எழுத்தில் வாங்க வேண்டும், அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.